அந்த ஒரு சாவி மட்டும் எங்களிடம் இல்லை

ஊரக மேம்பாட்டுத் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும்,

என் வீட்டுச் சுவரில் ஆணி அடித்த பலகை ஒன்று இருக்கிறது. அதில் 17 சாவிகள் தொங்குகின்றன. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள், "டீச்சர், அப்பப்போ திறந்து காத்தாட விடுங்க, மழைக்கு ஒழுகுதான்னு பாருங்க" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன வீட்டுச் சாவிகள். மாதத்தில் ஒரு நாள் ஒவ்வொரு வீடாகத் திறந்து கூட்டிவிட்டு வருவேன். ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரே ஒரு கட்டடத்தின் சாவிதான் இந்தப் பலகையில் இல்லை. அது நீங்கள் எங்களுக்காகக் கட்டிய ஊரகப் புத்தாக்க மையம்.

அந்த மையத்தை ஊர்ச் சங்கத்திடம் ஒப்படைக்கக் கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை நிராகரித்துச் சென்ற வாரம் உங்கள் கடிதம் வந்தது. காரணம் ஒரே வரி: பயனாளிகளின் எண்ணிக்கை வரம்பை எட்டவில்லை.

இந்த வரி எனக்குப் புதிதல்ல. 23 ஆண்டுகள் நான் பாடம் நடத்திய பள்ளியை மூடியபோது இதே காரணத்தைத்தான் எழுதினார்கள். அன்று பதிவேட்டில் 11 பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த ஆண்டு பேருந்து நின்றது. அந்த அறிவிப்பிலும் "பயணிகள்" என்று ஒரு சொல் மாறியிருந்ததே தவிர, வாக்கியம் அதேதான். பள்ளி போனதும், பிள்ளைகள் இருந்த நான்கு குடும்பங்கள் வெளியேறின. அவர்கள் போனதால் பேருந்தில் ஆள் குறைந்தது. பேருந்து நின்றதும் தினமும் வேலைக்குப் போய்வந்த இளைஞர்கள் நகரத்திலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார்கள். ஆள் இல்லை என்று சேவையை எடுப்பது, சேவை இல்லை என்று ஆள் போவது, போன ஆளைக் கணக்குக் காட்டி அடுத்த சேவையை எடுப்பது. இதைத் தேய்வு என்று இயற்கையின் தலையில் கட்டுகிறீர்கள். நான் கணக்கு ஆசிரியை. கழித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லப் புள்ளியியல் நிபுணர் தேவையில்லை.

மையம் எப்படி வந்தது என்று உங்கள் கோப்பில் என்ன எழுதியிருக்கிறதோ தெரியாது. எங்கள் நினைவில் இருப்பது இது. ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். அந்த நேரத்தில் ஊரில் உழைக்கும் பெண்கள் யாரும் வர முடியாது. என்னைத் தவிர வந்தவர்கள் வழக்கமாக எல்லாக் கூட்டத்துக்கும் வரும் ஏழெட்டு ஆண்கள். வண்ணத் தாள்களில் ஆசைகளை எழுதி ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினோம். பழைய பள்ளிக் கட்டடத்தின் கூரையைச் சரிசெய்து, வாரம் ஒரு நாள் மருத்துவர், ஒரு நாள் வங்கிப் பணிகள், மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு நல்ல இணைய வசதியுடன் ஓர் அறை என்று எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் என் கையெழுத்து. பத்து மாதம் கழித்து, பள்ளிக்கு எதிரிலேயே புதுக் கட்டடம் எழும்பியது. பன்னிரண்டு கணினிகள், முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்று, சுவர் முழுக்க வாசகங்கள். ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இளைஞர் வந்தார். நல்ல பிள்ளை. எங்களோடு பழகி, எங்களுக்கு என்ன தேவை என்று புரிந்துகொள்ளவே அவருக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. புரிந்துகொண்ட ஆறாவது மாதம் திட்டக் காலம் முடிந்து அவரை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். மின்கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்று எங்குமே எழுதப்படவில்லை. ரிப்பன் வெட்டப் பணம் இருக்கிறது. பல்பு மாற்றப் பணம் இல்லை. கட்டடம் பூட்டப்பட்டது. அந்த அச்சுப்பொறியில் கடைசியாகச் செய்தது திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு நினைவுப் பரிசு.

புத்தாக்கம் என்ற சொல் எங்கள் ஊரில் இப்போது கேலிச் சொல்லாகிவிட்டது. யாராவது ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தாமல் மூலையில் போட்டால், "என்ன, புத்தாக்கமா?" என்று கேட்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு உண்மையில் பொருள் இருக்கிறது. அது எங்கள் ஊரில் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் இருக்கிறது. பேருந்து நின்ற பிறகு, ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் தன் பழைய வேனை எடுத்தார். யார் என்றைக்கு எதற்காக நகரத்துக்குப் போக வேண்டும் என்பதை அவர் மனைவி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். இரண்டே மாதத்தில் அந்த நோட்டு எங்களுக்கு ஒன்றைச் சொன்னது: ஊரில் பாதிப் பேர் போவது மருந்து வாங்கவும், ஓய்வூதியம் எடுக்கவும், ஒரு தாளில் முத்திரை வாங்கவும்தான். மூன்றுக்கும் ஆள் போக வேண்டிய அவசியமே இல்லை. மருந்துச் சீட்டுகளை மொத்தமாகச் சேர்த்து ஒருவர் போய் வாங்கிவந்தார். மிச்சமான இருக்கைகளில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். வெளியேறுவதாக இருந்த ஒரு குடும்பம் அந்த இருக்கையை நம்பித்தான் இன்னமும் ஊரில் இருக்கிறது. எந்த ஆலோசகரும் சொல்லித்தராத ஏற்பாடு. இதற்கு உங்களிடமிருந்து வந்தது பாராட்டு அல்ல, எச்சரிக்கை: எரிபொருள் செலவைப் பகிர்ந்துகொள்வது உரிமம் இல்லாத வணிகப் போக்குவரத்தாகக் கருதப்படுமாம். பாதுகாப்பும் காப்பீடும் முக்கியம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. முறைப்படி செய்ய வழி எது என்று கேட்டோம். அதற்குப் பதில் இல்லை.

நாங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம் என்று சொல்ல வரவில்லை. பூட்டிய வீடுகளில் மூன்றை, உரிமையாளர்களிடம் பேசி, வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டோம். ஒன்று மட்டுமே தங்கியது. ஒரு குடும்பம் இணைய இணைப்பு சரியில்லாமல் போனது. இன்னொரு குடும்பம் போனதற்குக் காரணம் நாங்கள். கூட்டத்தில் அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னபோது, "வந்து ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள எங்களுக்குச் சொல்லித்தர வந்துட்டீங்களா" என்று ஒருவர் கேட்டார். யாரும் அவரைத் தட்டிக் கேட்கவில்லை. நானும்தான். ஊர் என்பது ஒரே குரல் அல்ல. உரக்கப் பேசுபவரே பல நேரங்களில் ஊராகிவிடுகிறார். சமூகத்திடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நான் எழுதும்போது இதையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

"சின்ன ஊர்களால் இதெல்லாம் முடியாது" என்று நேரில் வந்தபோது உங்கள் அலுவலர் ஒருவர் சொன்னார். அவருக்காகச் சில ஊர்களைப் பற்றிப் படித்து வைத்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்று ஒரு தீவு. தனியார் நிலவுடைமையாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கி விற்ற தீவு அது. குடியிருந்தவர்களுக்குத் தங்கள் வீட்டின் மேல்கூட உறுதி கிடையாது. 1997-இல் தீவு மக்கள், வட்டார மன்றத்தோடும் ஒரு வனவுயிர் அறக்கட்டளையோடும் சேர்ந்து, ஆயிரக்கணக்கானோர் கொடுத்த நன்கொடையில் தீவையே விலைக்கு வாங்கினார்கள். அப்போது அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 65 பேர். உங்கள் வரம்பின்படி ஒரு விண்ணப்பப் படிவம்கூட அவர்களுக்குக் கிடைத்திருக்காது. 2008-இல் காற்று, நீர், சூரிய ஒளி மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென ஒரு மின்வலையமைப்பைத் தொடங்கினார்கள். அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் இயந்திரம்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது காற்றாலை அல்ல, ஒரு விதி: எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. பணம் இருக்கிறவருக்கும் அதே அளவு. இப்படி ஒரு விதியை வெளியிலிருந்து யாராவது போட்டிருந்தால் கலகம் நடந்திருக்கும். தாங்களே பேசி முடிவு செய்ததால் நிற்கிறது. இன்று அந்தத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள்.

இந்த வழியில் போன ஊர்களுக்கு அந்த நாட்டில் சட்டமே துணை வந்தது. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், விற்பனைக்கு வரும் நிலத்தை முதலில் வாங்கும் உரிமையை ஊரகச் சமூகங்களுக்குக் கொடுத்தது. 2015-ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம், பொதுத்துறையின் கட்டடத்தையோ நிலத்தையோ தங்களிடம் ஒப்படைக்கக் கேட்கும் உரிமையைச் சமூக அமைப்புகளுக்குக் கொடுத்தது. மறுக்க வேண்டுமானால், நியாயமான காரணத்தை அலுவலகம்தான் காட்ட வேண்டும். எங்கள் கதையில் காரணம் காட்டிக்கொண்டே இருப்பது நாங்கள்.

அடுத்தது ஜப்பானின் கமிகாட்சு. ஷிகோகு தீவின் மலைக்குள் இருக்கும் சிற்றூர். 1981-இல் வந்த கடுங்குளிரில் அங்கிருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்தன. வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த தொமோஜி யோகோய்ஷி என்ற இளைஞர், உணவுத் தட்டுகளை அலங்கரிக்க இலைகளையும் பூக்களையும் பயன்படுத்துவதைக் கவனித்து, மலையில் சும்மா உதிரும் இலையை விற்கலாம் என்றார். ஊர் சிரித்தது. 1986-இல் நான்கு வீடுகளோடு தொடங்கினார்கள். முதலில் அனுப்பியவை விலைபோகவில்லை. எந்த இலை, என்ன அளவு, எந்தப் பருவம் என்பது அவருக்கே தெரியாது. சொந்தச் செலவில் உணவகம் உணவகமாக ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டார். பிறகு முதிய பெண்கள் தொலைநகலிலும், பின்னர் கணினியிலும் அன்றன்றைக்கு வரும் தேவையைப் பார்த்து இலை பறித்து அனுப்பும் தொழிலாக அது வளர்ந்தது. கணினி அங்கேயும் வந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் விற்பனை நடந்து, அதற்குத் தேவை ஏற்பட்ட பிறகு வந்தது.

இந்த முயற்சிக்கு நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் பதினெட்டு மாதத்தை மட்டும் கொடுத்திருந்தால், இறுதி அறிக்கையில் "இலைகள் விலைபோகவில்லை, திட்டம் கைவிடப்பட்டது" என்று இருந்திருக்கும்.

அதே கமிகாட்சு 2003-இல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, கழிவை 45 வகையாகப் பிரிக்கும் நிலைக்கு வந்தது. இத்தனைக்கும் அங்கே மக்கள்தொகை கூடவில்லை. 1950-களில் 6,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் இன்று 1,500 பேர்கூட இல்லை. இதை மறைத்துவிட்டு வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. தலையை எண்ணினால் அந்த ஊர் தோற்ற ஊர். எண்பது வயதில் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன இலைக்குத் தேவை என்று பார்க்கும் ஒரு பாட்டியைத் தோற்றவர் என்று உங்களில் யார் எழுதுவீர்கள்?

பள்ளியை மூடிய உங்களுக்கு ஜப்பானின் இன்னொரு தீவையும் சொல்ல வேண்டும். ஓகி தீவுக் கூட்டத்தில் இருக்கும் அமா. கடன் சுமையில் இருந்த அந்த ஊராட்சியில், 2002-இல் தலைவராக வந்தவர் தன் ஊதியத்தையே பாதியாகக் குறைத்துக்கொண்டார், ஊழியர்களும் குறைத்துக்கொண்டார்கள். அமாவையும் சேர்த்து மூன்று தீவுகளுக்கும் ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி. 2008 வாக்கில் அதில் ஏறக்குறைய 90 மாணவர்கள். மூடும் பேச்சு வந்தது. அவர்கள் செய்தது, தீவின் பிரச்சினைகளையே பாடமாக்கியது. வெளியிலிருந்து பிள்ளைகள் தேடிவந்து தங்கிப் படித்தார்கள். எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. 90 என்பது மூடுவதற்கான காரணமா, பள்ளியை மாற்றுவதற்கான காரணமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் 11-ஐப் பற்றி யாரும் எதையும் கேட்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டென்மார்க்கின் சாம்சோ தீவு, 1997-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் தீவுக்கான அரசுப் போட்டியில் வென்றது. பரிசாகப் பணம் எதுவும் வரவில்லை. உள்ளூர் விவசாயிகளும் சிறு பங்குதாரர்களும் ஊராட்சியும் காற்றாலைகளில் பணம் போட்டார்கள்: நிலத்தில் 11, கடலில் 10. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பெரிய நிறுவனங்கள் லாபமில்லை என்று இணைய இணைப்புத் தராமல் விட்ட கிராமங்கள் 2011-இல் சமூக நல அமைப்பு ஒன்றைத் தொடங்கி, பங்கு விற்று, தங்கள் கையாலேயே வயல்களில் பள்ளம் தோண்டி ஒளியிழைக் கம்பி பதித்தன. நில உரிமையாளர்கள் கட்டணமின்றி வழிவிட்டதால்தான் அது சாத்தியமாயிற்று. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பாசாரில் 1989-இல் ஊராட்சித் தலைவரான போபட்ராவ் பவாரின் காலத்தில் புகுந்த புதுமை எந்த இயந்திரமும் அல்ல. இருக்கும் நீரை ஆண்டுதோறும் அளந்து, அதற்குத் தகுந்தபடி என்ன பயிரிடலாம் என்று கிராம சபை முடிவு செய்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று கட்டுப்பாடு. போன குடும்பங்கள் பல திரும்பி வந்தன.

இந்த ஊர்களை வரிசைப்படுத்தியதன் நோக்கம் நாளைக்கு நீங்கள் எங்களிடம் இலை விற்கச் சொல்வதற்கு அல்ல. அதுவும் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதிரி ஊரைச் சுற்றிப் பார்க்க அழைத்துப்போய், திரும்பி வந்ததும் அதே திட்டத்தை நகலெடுத்து நூறு ஊர்களுக்கு அனுப்புவீர்கள். இலையை விட்டுவிடுங்கள். அந்த ஊர்களின் கையில் ஏதோ ஒன்று சொந்தமாக இருந்தது: நிலம், காற்றாலையில் பங்கு, கம்பி, நீரைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம். தவறு செய்து திருத்திக்கொள்ள ஆண்டுக்கணக்கில் நேரமும் இருந்தது. எங்களுக்கு நீங்கள் கொடுத்தவற்றில் இந்த இரண்டும் இல்லை.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

முதலாவது, புத்தாக்க மையத்தை ஊர்ச் சங்கத்துக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக்கொடுங்கள். கணினிகளில் நான்கு போதும். மற்ற எட்டையும் அந்த அச்சுப்பொறியையும் தேவைப்படும் பள்ளி எதற்காவது அனுப்பிவிடுங்கள். மறுப்பதானால், எண்ணிக்கையைத் தவிர வேறு காரணம் என்ன என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இரண்டாவது, பயனாளி வரம்பை எடுத்துவிடுங்கள். எத்தனை பேர் என்பதற்குப் பதிலாக, இந்தச் சேவை இல்லாவிட்டால் எத்தனை குடும்பம் ஊரைவிட்டுப் போகும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கை எங்களால் பெயரோடு தர முடியும்.

மூன்றாவது, திட்டக் காலம் குறைந்தது ஏழு ஆண்டாக இருக்கட்டும். தொகையைக் கூட்ட வேண்டாம். பதினெட்டு மாதத்துக்குக் கொடுத்ததையே ஏழு ஆண்டுக்குப் பிரித்துக் கொடுங்கள். அதில் ஒரு பங்கு பராமரிப்புக்கும் மின்கட்டணத்துக்கும் என்று முதலிலேயே எழுதுங்கள். ஒருங்கிணைப்பாளரை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் பழைய பிள்ளை திரும்பி வரத் தயாராக இருக்கிறார், விசாரித்துவிட்டோம்.

நான்காவது, வேனைச் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு வழி சொல்லுங்கள். லாபமில்லாத ஊர்ப் பயண ஏற்பாட்டுக்கென எளிய அனுமதி, கூட்டுக் காப்பீடு, ஓட்டுநருக்கு ஆண்டுக்கொரு உடல் பரிசோதனை. இதற்கு உட்பட நாங்கள் தயார். அதுவரை எச்சரிக்கைக் கடிதங்களை நிறுத்திவையுங்கள்.

ஐந்தாவது, பூட்டிய வீடுகளை ஊர்ச் சங்கமே உரிமையாளர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, காலி செய்து திருப்பித் தரும் பொறுப்பையும் தானே ஏற்று, புதிதாக வருபவர்களுக்கு விட ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்துத் தாருங்கள். உரிமையாளர்களின் அச்சம் வாடகையைப் பற்றியது அல்ல, வீடு திரும்பக் கிடைக்குமா என்பதுதான். 17 பேரிடமும் பேசியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆறாவது எங்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது. ஐரோப்பிய ஒன்றியம் 1991 முதல் நடத்திவரும் 'லீடர்' என்ற ஊரகத் திட்டத்தில், பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உள்ளூர்க் குழுக்களில், அரசு அமைப்புகளுக்கோ வேறு எந்த ஒரு தரப்புக்கோ 49 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு இருக்கக் கூடாது என்று விதி வந்தது. அதே விதியை எங்கள் சங்கத்துக்கும் போடுங்கள். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், கடைசியாக ஊருக்குக் குடிவந்த குடும்பத்துக்கு ஓர் இடம் நிச்சயம் வேண்டும், கூட்டம் மாலை ஏழு மணிக்குப் பிறகே நடக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். உரக்கப் பேசும் அந்த ஏழெட்டுப் பேருக்கு இது பிடிக்காது. அவர்களில் சிலர் இந்த மடலுக்குக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள், படித்துவிட்டுத்தான் போட்டார்கள்.

முப்பது நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். குத்தகைக்குச் சம்மதம் என்றால் சாவியை அஞ்சலில் அனுப்ப வேண்டாம், தபால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது. நீங்களே நேரில் கொண்டு வாருங்கள். பேருந்து இல்லை என்பதால் முந்தின நாளே தகவல் சொல்லிவிடுங்கள். வேனில் உங்களுக்கு ஓர் இருக்கையை நோட்டில் எழுதி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மூடப்பட்ட பள்ளியின் கடைசி ஆசிரியை,
ஊர்ச் சங்க உறுப்பினர்கள் அனைவரின் சார்பில்